ஸ்தோத்திரம் சொன்னவர்

வெள்ளறடையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தாசையனுக்கு யாரும் கீபோர்டு சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு, பதினெட்டு வருடமாகச் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வாசிக்கிறார். இடிமின்னலில் சபையின் கீபோர்டு கெட்டுப்போனபோது, வேறொன்று வாங்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டார்கள்.

முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தார். பேர்பெற்ற கம்பெனி, பாதி விலை. அதற்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. ஆனால் விற்பவர் வாட்ஸ்அப்பில் எடுத்த எடுப்பிலேயே, சபையார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுபோல, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று எழுதியிருந்தார். தாசையன் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் பெட்டி வந்தது. கம்பெனிப் பெயர் நகம் பட்டதும் உரிந்தது. மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றுதான் ஒலித்தது. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்.

"பைசா அனுப்புததுக்கு முன்ன, வீடியோ கால்ல ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள் மனைவி ஓமனக்குட்டி.

"ஸ்தோத்திரம் சொன்ன ஆளிட்ட எப்படி கேக்கது? அது அவிசுவாசம் ஆக்கும்."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவளும் அதே சபைதான்.

ஞாயிற்றுக்கிழமை சபையார் முன் எதைக் கொண்டுபோய் வைப்பது என்று தாசையனுக்குத் தெரியவில்லை. படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி விற்றவருக்கே எழுதினார். உடனே பதில் வந்தது: "பிரதர், உங்களுக்காக ஜெபிக்கிறோம்."

தாசையனின் விரல் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்று தட்டி அனுப்பியது. அது போய்ச் சேரவில்லை. அதற்குள் அவரை பிளாக் செய்திருந்தார்கள்.