மார்கழித் தண்ணியின் சூடு

என் மகள் புதுக்கோட்டையில் நீச்சல் குளத்துக்குப் போகிறாள். வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. அன்றைக்குத் தண்ணி எத்தனை டிகிரி என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை இறக்குகிறார்கள். நான் ஆறாவதோடு நின்றவள். டிகிரி எனக்குப் பிடிபடாது. ஆனால் தண்ணிச் சூட்டுக்காக எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது.

எங்கள் ஊர்க் கண்மாய் ஐப்பசி மழையில் நிறையும். கார்த்திகையில் மிச்சத் தண்ணி கலுங்கு தாண்டி வழியும். பொங்கல் கழித்து மடையைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். பங்குனியில் மீன் பிடிப்பார்கள். சித்திரையில் வெறும் சேறு. வைகாசியில் அதில் ஆடு மேயும்.

அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தா ஒரு சட்டம் போட்டிருந்தது. பனிக்காலத்தில் கண்மாயில் இறங்கக் கூடாது. தண்ணி சில்லென்று இருக்கும், நெஞ்சில் சளி கட்டும். வெயில் வந்து தண்ணி சூடான பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் நீந்தலாம்.

அதாவது சித்திரையில்.

"சித்திரையில எருமைதான் ஆத்தா படுத்திருக்கும்" என்றான் அண்ணன்.

"பக்கத்துல நீயும் படுத்துக்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அதோடு பேச்சு முடிந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நீந்தத் தெரியும். பம்புசெட் தொட்டியில் கற்றது. நாலு கை போட்டால் சுவர் முட்டும். கண்மாய்க்குள்ளே மடைக்கு நேராக இரண்டு கல்தூண் நிற்கும். குமிழிக் கல் என்போம். என் வகுப்பில் எல்லாரும் நீந்திப்போய் அதைத் தொட்டுவிட்டார்கள். நான்தான் மிச்சம். "நீ சித்திரையில நடந்துபோயித் தொட்டுக்க" என்பார்கள். பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. மடை திறந்துவிட்டால் அந்த வருஷமும் போச்சு.

அண்ணன்தான் அதைக் கண்டுபிடித்தான். விடிகிற நேரத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன் ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். கண்மாய் முழுக்க ஆவி பறந்துகொண்டிருந்தது. கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. வெளியே பனியில் பல் தந்தியடிக்கிறது. தண்ணிக்குள் கை மட்டும் சுகமாக இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

"மத்தியானம் தொட்டா சில்லுங்குது. காலையில சுடுது" என்றான்.

"ஆத்தாகிட்ட சொல்லுவோம்."

"சொன்னா நம்பாது. கொண்டுபோயிக் காட்டணும்."

ஒரு குடம் மொண்டோம். வீடு ஊரின் அந்தக் கோடியில். போய்ச் சேருவதற்குள் தண்ணி ஆறிவிட்டது. ஆத்தா ஒரு விரலை விட்டுப் பார்த்தது.

"ஐஸ் வண்டிக்காரன்ட்ட வாங்குனியளா?"

தண்ணி மாட்டுத் தொட்டிக்குப் போனது.

மறுநாள் குடத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினோம். பாதி என் பாவாடையில் கொட்டியது. மீதி அதே சில்லுத்தான். ஆத்தா இந்தத் தடவை விரலைக்கூட விடவில்லை. என் பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் அண்ணன் வழியிலே டீக்கடையில் நின்றான். ஒரு செம்பு வெந்நீர் கேட்டு வாங்கிக் குடத்தில் ஊற்றினான்.

"இது பொய்யில்லையா?" என்றேன்.

"கெளம்புனப்ப இருந்த சூட்டத்தான திருப்பி ஊத்துறேன்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

ஆத்தா கையை விட்டது. வெடுக்கென்று எடுத்தது. குடத்துக்குள் எட்டிப் பார்த்தது. டீத்தூள் இரண்டு மூன்று மிதந்தது.

"கண்மாயில டீயும் வெளையுதா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் மாட்டைப் பார்த்தேன். அடி விழும் என்று இருந்தோம். விழவில்லை. ஆத்தா ஈரக் கையைப் புடவையில் துடைத்தது. துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நாளைக்கு நானே வந்து சூடு பாக்குறேன். பொய்யின்னா ரெண்டு பேரு தோலும் உரியும்."

சொன்னபடி விடிய வந்தது. கரையில் நின்று முதலில் தண்ணியைப் பார்த்தது. அப்புறம் கீழே கிடந்த வைக்கோலில் ஒன்றைக் கிள்ளித் தண்ணியில் போட்டது. அது எந்தப் பக்கம் போகிறது என்று குனிந்து பார்த்தது. வைக்கோல் போட்ட இடத்திலேயே கிடந்தது.

"மட மூடித்தான் இருக்கு. இழுப்பு இல்ல."

பாதத்தை விட்டது.

"சுடுதா ஆத்தா?"

"காலு மரத்துப் போயிருக்கு. தெரியல."

முழங்கால் வரை போனது. இன்னும் தெரியவில்லை என்றது. புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பு வரை போனது.

"மேல சரிதான். அடியில எப்புடின்னு பாக்கணும்ல."

முங்கிவிட்டது.

நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாறு வரை எண்ணினேன். அண்ணன் சட்டையைக் கழற்றப் போனான். அதற்குள் ஆவிக்கு நடுவே தூரத்தில் ஒரு தலை எழும்பியது. சத்தமில்லாமல் நீந்திப் போனது. தண்ணி தெறிக்கவே இல்லை. குமிழிக் கல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அந்த முகத்தை நான் அதுவரை வீட்டில் பார்த்ததில்லை.

"அங்கிட்டு தாமரைக்கொடி கெடக்கு, காலச் சுத்தும். இங்கிட்டுக்கூடி வாங்க."

போனோம். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. தொட்டிச் சுவர் எதுவும் முட்டவில்லை. அடியில் கால் எட்டவில்லை. தண்ணி மட்டும் போர்வை மாதிரி இருந்தது. கல்லைத் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. இரண்டு கையாலும் தொட்டேன். பிறகு நெற்றியாலும் ஒரு தரம் முட்டிக்கொண்டேன். ஆத்தா சிரித்தது. அண்ணன் எருமை மாதிரி கத்தினான். அதற்கும் சிரித்தது.

அப்பா சைக்கிளில் கரைமேல் வந்தார். நின்றார். தண்ணியில் மூன்று தலை. ஒருதரம் பெல் அடித்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உலையும் கொதித்தது. அப்பாவுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அத்தை கேட்டது, "என்னடி இது, தலையெல்லாம் ஈரம்?"

"பிள்ளைக எறங்குற தண்ணி. சூடு பாக்கப் போனேன்."

மறுநாளும் போனது. அதற்கு மறுநாளும். மடை திறக்கிற அன்று வரை ஒரு நாள் விடவில்லை. "சூடு பாத்துட்டு வாரேன்" என்று அப்பாவிடம் சொல்லும். அவர் தலையாட்டுவார். நாங்கள் பின்னால் ஓடுவோம்.

அடுத்த வருஷம் கலுங்கில் வழிவது நின்ற மறுநாள் காலை. நான் கண் முழித்தபோது ஆத்தா வீட்டில் இல்லை. கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றது. கூந்தலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு ஆத்தா?"

"இன்னுங் கொஞ்ச நாளு பாக்கணும்" என்றது. அடுப்படிக்குப் போய்விட்டது.

ஆத்தா பிறந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம் ஏரிக்கரையில். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எங்களுக்காக ஆத்தா தினமும் குளிரில் போய்த் தண்ணியைச் சோதித்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.