தினமும் அணைத்துவிட்டுப் போகும் அக்கா

மாலை ஐந்தரை ஆனதும் புள்ளி அக்கா கண்ணாடியைத் துடைத்து உறையில் வைப்பார். வலிக்கிற வலது மணிக்கட்டில் சுற்றிய துணியை அவிழ்ப்பார். பிறகு கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்வார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

சட்டைக் கழுத்தில் தைக்கிற லேபிள்களை நெய்யும் ஆலையில் எங்களுக்கு வேலை. பத்தொன்பது வயதில் நூல் வெட்ட வந்த அக்கா, கம்ப்யூட்டரில் லேபிள் வரைகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். திரையில் ஒரு புள்ளி என்றால் தறியில் ஒரு நூல். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வைப்பார். பெயரும் அப்படி வந்ததுதான். நாலு மணிக்கு மாமியார் போன் செய்து உப்பு டப்பா எங்கே என்று கேட்பார். "நேத்து வச்ச இடத்துலதான் அத்தை. அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா?" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் பதில் போகும்.

அக்கா வரையும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது மேனேஜர் என்னிடம் வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்ல வாய் வராது. சர்வருக்குள் கன்டெய்னர் என்கிற ஒரு பெட்டியை உருவாக்கி, அதற்குள் முழு விண்டோஸையும் ஓடவிட்டேன். அக்கா தன் மேஜையில் பிரவுசரைத் திறந்தால் பழைய திரை அப்படியே வரும்.

ஒரே தொல்லை, மாலையில் அவர் அணைத்தால் அது ஒரு நிமிடத்தில் தானாக எழுந்துகொள்ளும். நான்தான் அப்படி அமைத்திருந்தேன்.

"ஏம்மா இன்ஜினியர், இதுக்கு வீட்டுக்குப் போற நேரமே தெரியாதா?"

"அணைக்காம அப்படியே விட்டுட்டுப் போங்கக்கா."

"எரியற அடுப்ப விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு." மறுபடி அணைப்பார்.

பத்தாம் நாள், திரை மெதுவாக நகர்கிறது என்றார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நினைவகத்தைக் கூட்டி, பெட்டியை அழித்துப் புதிதாக ஏற்றினேன். விண்டோஸ் வந்தது. நான் முன்பே எழுதிவைத்தபடி மென்பொருளும் தானாக வந்து உட்கார்ந்தது. அந்தப் பத்து நாளில் அக்கா வரைந்த ஒன்பது லேபிள்கள் மட்டும் வரவில்லை. பெட்டி அழிந்தாலும் உள்ளே இருப்பது பிழைக்க வேண்டுமென்றால், அதை வெளியே ஓர் இடத்தில் சேமிக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை.

"யாரு, வீட்டக் கூட்டிப் பெருக்கி வச்சது?" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

மேனேஜர் வந்தார். அன்று புதன், வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் வருகிறார். "அணைக்காதீங்கன்னு படிச்ச பொண்ணு தலைபாடா அடிச்சுக்கிச்சு, கேட்டீங்களா? வெள்ளிக்கிழமை ஒன்பதும் இல்லேன்னா வரையற வேலைய வெளியில குடுத்துடுவேன். நீங்க பழையபடி நூல் வெட்டப் போகலாம்."

"என் கைதான் சார். யார் சொன்னாலும் கேக்காது."

அக்கா அணைத்ததற்கும் லேபிள்கள் அழிந்ததற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்க வேண்டும். 'கம்ப்யூட்டர்னா என் பொண்ணு' என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். நான் படித்தவள் என்பதால் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. அக்கா படிக்காதவர் என்பதால் அவருக்கே அவர்மேல் சந்தேகம். இதற்காகவா அத்தனை வருடம் படித்தேன்?

அக்கா மணிக்கட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் புள்ளியை வைத்தார். நாலு மணிக்கு போன் வந்தது. "நீங்களே பாத்துக்கோங்க அத்தை." அவ்வளவுதான். உப்பு டப்பாவுக்குக் கால் முளைத்த பேச்சே இல்லை.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. மேனேஜர் அறைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் நிரந்தரம் பத்தி ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம். ஆனா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்."

அக்காவிடமும் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் கை நிற்கவில்லை. "மத்தியானத்துலேர்ந்து என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். அத்தனையும் வீணாப் போச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "நிக்காத. அந்த லென்ஸ எடு. சாம்பிள் துண்டுல நூல எண்ணிச் சொல்லு."

ஆறு லேபிள்களுக்குத்தான் நெய்த சாம்பிள் இருந்தது. சிவப்பு மூணு, வெள்ளை அஞ்சு, சிவப்பு ரெண்டு என்று நான் எண்ண எண்ண அவர் வைத்துக்கொண்டே போனார். லென்ஸில் உற்றுப் பார்த்துப் பார்த்து என் கண்ணில் நீர் கோத்தது. ஒருமுறை தப்பாக எண்ணி ஒரு வரிசை முழுக்க அழிக்க வேண்டியதாயிற்று. மீதி மூன்றை வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் பார்த்து முதலிலிருந்து வரைந்தார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒன்பதாவது முடிந்தது. மேனேஜர் வாங்கிக்கொண்டு போனார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, நூல் வெட்டப் போ என்றும் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு அக்கா கண்ணாடியைத் துடைத்தார். துணியை அவிழ்த்தார். மௌஸ் மேல் போன கை பாதியில் நின்றது.

"அணைக்கலாமா?"

"அணைங்கக்கா."

திரை இருண்டது. ஒரு நிமிடம் இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது எழவில்லை. தானாக எழுகிற அமைப்பைக் காலையில்தான் மாற்றியிருந்தேன். விட்டுப்போன அந்த ஒரு வரியைப் புதன்கிழமையே எழுதியாயிற்று. இனி தினமும் அவருக்கு முன்னால் வந்து நான்தான் ஏற்றிவைக்க வேண்டும்.

"அப்பாடா, தூங்கிடுச்சு," என்று பையை இடது கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.