நான் எழுதிக் கொடுத்த பாராட்டுக் கடிதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். மனவளர்ச்சி குன்றிய என் மகள் வசந்தி திருச்சியில் ஓர் ஆரம்பப் பள்ளிக்குப் போய்வந்தாள். அவளைப் போன்ற பிள்ளைகளைக் கவனிக்க அங்கே ஸ்டெல்லா என்ற உதவியாளர் இருந்தார். தற்காலிக வேலைதான். ஒவ்வொரு கோடையிலும் நின்றுவிடும். ஜூனில் மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு.

ஓர் ஏப்ரலில் ஸ்டெல்லா தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், என்னைப் பத்தி நல்லபடியா நாலு வரி எழுதிக் கொடுங்க. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட காட்டிக்கிறேன்."

"நாலு வரி என்னம்மா, ஒரு பக்கமே எழுதறேன்."

ஆபீசில் கடிதம் எழுதிப் பழகிய கர்வம் எனக்கு. 'இவர் பழக்கியதால் என் மகள் தானே சாப்பிடுகிறாள், தானே பாத்ரூம் போகிறாள். இனி அவளுக்கு யார் துணையும் தேவையில்லை' என்று முடித்தேன். ஸ்டெல்லா அதைப் பிரிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஜூனில் அவர் இல்லை. தலைமையாசிரியை என் கடிதத்தையே எடுத்து நீட்டினார். "துணை தேவையில்லைன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? நிர்வாகத்துல அதைத்தான் பார்த்தாங்க."

முசிறியில் இருந்த ஸ்டெல்லாவின் வீட்டுக்கு ஓடினேன். "நல்ல மனசோடதானே எழுதினீங்க, விடுங்க சார்" என்றார். பிறகு, "பாப்பா கடைசி பட்டனைப் போட மறந்துடுவா. பார்த்துக்குங்க."

ஒரே மாதத்தில் வசந்தி வகுப்பிலேயே பாவாடையை நனைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். 'என் மகளுக்குத் தானாக எதுவும் செய்யத் தெரியாது' என்று பள்ளிக்கு மறுபடி எழுதினேன். பதில் வரவில்லை.

இன்றும் யாரையாவது பாராட்டி எழுத உட்கார்ந்தால், கடைசி வரியில் என் பேனா நின்றுவிடுகிறது.