எங்கள் ஊர் வேகம்

ஒரே மென்பொருள், டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் செட்டுகள் பத்துப் பதினைந்தாக வேஷம் கட்டும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடிக்கணினியில் இறக்கினேன். சின்ன வயதில் கோலா சாவா எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் நானும் அக்காவும் ஆடிய விளையாட்டும் கிடைத்தது. ஒரு குட்டி வீரன் ஓடிக்கொண்டே பள்ளம் தாண்டுவான்.

அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் பேக்டரிக்குத் திரும்பப் பயந்தாள். பொடிப்பொடியான பாகங்களைப் பொருத்தும் வேலை, விரல் தாமதித்தால் மொத்த வரிசையும் நிற்கும். லயத்தில் இந்த விளையாட்டில் அவளை ஜெயித்தவர் கிடையாது. பழைய தைரியம் வரட்டுமே என்று நினைத்தேன்.

முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

"வேகமா ஓடுது லா," என்றவள், உடனே தன் கையைப் பார்த்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் கை போச்சு தம்பி."

எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனால், கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? துருவ ஆரம்பித்தேன். அமைப்புகளுக்குள் நாட்டைக் கேட்கும் வரியில் அமெரிக்கா என்றிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்க டிவி நொடிக்கு அறுபது படம் காட்டுமாம், நம் ஊர் டிவி ஐம்பதுதான். விளையாட்டோ ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி வைக்கும், அதன் பாட்டும் அதே கணக்கில்தான் நகரும். ஆக, எங்கள் லயத்து வீரன் அமெரிக்க வீரனைவிட மெதுவாகத்தான் ஓடியிருக்கிறான், அதுவும் எங்களுக்கே தெரியாமல்.

ஐம்பதுக்கு மாற்றி அக்காவை இழுத்து வந்தேன். எல்லாப் பள்ளத்தையும் தாண்டினாள். முகம் மட்டும் மலரவில்லை.

"எனக்காக ஸ்லோ பண்ணிட்டியா?"

"இல்லக்கா. நம்ம செட்டு இப்படித்தான் ஓடுச்சு."

"சும்மா சொல்லாத லா."

எப்படி நம்ப வைப்பது? அவள் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்ததால் அதுவரை சத்தத்தை அடைத்தே ஆடியிருந்தோம். விளையாட்டின் தொடக்கத்துக்குப் போய், "இதுக்கு ஒரு பாட்டு வருமே, பாடுக்கா," என்றேன். நான் பொத்தானை அழுத்தியதும் மெட்டை முனகினாள். பாதியில் சத்தத்தை மெல்லத் திறந்தேன். அவளும் மெஷினும் அதே வேகத்தில், மெட்டின் அதே இடத்தில் இருந்தார்கள்.

அக்கா நிறுத்தாமல் கடைசிவரை பாடினாள். கண் கலங்கியிருந்தது. பிறகு பேக்டரி பஸ் டிரைவருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை தன் வீட்டு முன்னாலும் நிறுத்தச் சொன்னாள்.