ரயிலில் சொன்ன ஆமென்

'ஆமென்' என்று வாய்விட்டுச் சொன்னால் ஆள் அந்த நொடியே கிறிஸ்தவ வேதக்காரனாகிவிடுவான் என்று நாற்பது வயதுவரை நம்பியிருந்தேன்.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு ரயிலில் திரும்பிய அன்று எதிரே ஓர் உபதேசியார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. எதையாவது விளக்குமுன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நம் முகத்தையே பார்ப்பார். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பாதி வைத்தார். கண்ணை மூடி ஜெபித்தார். பசி அவசரத்தில், அவருக்கு முந்தி நானே "ஆமென்!" என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

மலேரியாவிலிருந்து மகள் பிழைத்ததற்காகப் பத்துமலைக்குக் காவடி நேர்ந்து, மஞ்சள் வேட்டி கட்டி விரதத்தில் இருக்கிறேன்! இனி முருகன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதைவிட, பெண்டாட்டி முகத்தில்?

"உபதேசியாரே, சொன்னதைத் திருப்பி எடுத்துக்க வழியிருக்கா? நான் காவடிக்காரன்!"

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "அண்ணே, ஆமென்னா 'அப்படியே ஆகட்டும்'னு அர்த்தம். இந்தச் சோறு உடம்புக்கு நல்லது செய்யட்டும்னு நான் வேண்டினேன், நீங்களும் சேந்துக்கிட்டீங்க. அவ்வளவுதான்."

"அப்போ நான் மதம் மாறலையா?"

"அது அவ்வளவு சுலபம்னா என் செருப்பு ஏன் இப்படித் தேயுது? சாப்பிடுங்க. உங்க மஞ்சள் வேட்டியைப் பார்த்துத்தான் நெத்திலியை என் பக்கமே தள்ளி வச்சேன்."

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடியை இறக்கினேன். என் மகள் நோய் நொடியில்லாமல் வாழவேண்டும் என்று பூசாரி வேண்டி முடித்தார். நான் "ஆமென்" என்றேன். அவர் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்.