கயிற்றுப் பெட்டிக்கு மேல் ஓர் இருக்கை

துளைபோடும் மெஷின் இரும்பில் இறங்கும் அந்தக் கிறீச்சொலி எந்த ஊரில் கேட்டாலும் சரி, நான் எருத்தேன்பதியில் அக்கா வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். சுட்ட இரும்பின் வாசம். பழைய பிக்கப் வண்டியின் கதவுகள் இரண்டும் விரியத் திறந்து கிடக்கின்றன. உள்ளே அக்காவின் கணவர், மாமா, குப்புறப் படுத்திருக்கிறார். கால்கள் மட்டும் வெளியே.

வியாபாரம் அவருடையது, மாடு பார்க்கிற கண் அக்காவுடையது. வாரம் தவறாமல் வேலந்தாவளம் சந்தைக்குச் சேர்ந்தே போய்வந்தவர்கள். முதுகில் ஆபரேஷன் ஆனபின் அக்காவால் அந்த நீளச் சீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு குழியில் வண்டி இறங்கினால் போதும், கண் நிறைந்துவிடும். அவர் தனியாகப் போய் வாங்கிவந்த மாடுகளை வாசலில் நின்று பார்ப்பாள். சோடைபோன மாட்டின் முதுகை ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போய்விடுவாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை.

அவளை மறுபடி கூட்டிப்போகத்தான், கோயமுத்தூரில் உடைத்துப்போட்ட காரிலிருந்து பக்கெட் சீட் இரண்டு வாங்கிவந்தோம். முதுகை அணைத்துப் பிடிக்கிற சீட்டுகள். பழைய துளை ஒன்றும் பொருந்தவில்லை. இரும்புப் பட்டை வைத்து, புதுத் துளை போட்டு, போல்ட் முறுக்கினோம். மாமாவுக்கு ஒரே பிடிவாதம்: முன்புபோலவே சீட்டுக்கு அடியில் கயிறு வைக்க இடம் வேண்டும். எங்கள் பக்கம் மாடு விற்பவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டித்தான் ஓட்டிவர வேண்டும். ஆகவே அக்காவின் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி. நான்தான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன்.

"அம்சமா இருக்குதுங்க மாமா."

என் கால்கள் நீளம். இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை.

அக்கா ஏறினாள், சாய்ந்தாள். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. பாதங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. தொங்கிய பாரம் நேரே தையல் போட்ட இடத்தை இழுத்தது.

"கொலுவுல வெச்ச பொம்மையாட்ட இருக்கறனுங்க. காலுக்கடியில ஒரு தவுட்டு மூட்டை போட்டீங்கன்னா சரியாப் போயிரும்."

"தவுட்டுக்கு ஒரு எடம், கவுத்துக்கு ஒரு எடம். உனக்கு எங்க அம்மிணி எடம்?"

கேட்டுவிட்டு மாமா சிரிக்கவில்லை. "எறங்கு" என்றார். ஸ்பானரை எடுத்து, முறுக்கிய போல்ட்டுகளை எல்லாம் கழற்றி, பெட்டியை வாசலில் தூக்கிப் போட்டார். சீட்டைத் தரையோடு இறக்கி முறுக்கினார். மறுபடி அக்கா ஏறினாள். பாதம் இரண்டும் மெல்ல இறங்கி, தரையைக் கண்டு, ஓய்ந்தன.

அடுத்த சந்தை நாள், நானும் ஊருக்குக் கிளம்பி நின்றேன். அக்கா மடிமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தாள். மாமா வண்டியை ஸ்டார்ட் செய்தார், அணைத்தார். அவர் கை அக்காவின் சீட்டுக்கு அடியில் துழாவியது. இறங்கித் தொழுவத்துக்குப் போனார், வண்டியின் பின்னால் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, ஏறி வண்டியெ எடுங்க. கவுறு எம்மடியில இருக்குது."