அக்காவுக்குப் பின்னிய சால்வை

தஞ்சாவூருக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு தியான இல்லம். மூன்று நாள் மௌனத் தியானம். நல்ல காற்று, நல்ல தூக்கம். என்னை மாதிரி வாயாடிக்கு மௌனம் மட்டும்தான் தண்டனை. என் அறையில் இன்னொரு அம்மாவும் தங்கியிருந்தார். ஒட்டிய கன்னம், பொறுமையான விரல்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, உதடு அசைய அசைய, இரண்டு ஊசிகளால் வெள்ளை நூலில் லேஸ் சால்வை பின்னிக்கொண்டே இருப்பார். ஜெபம் சொல்கிறார் என்று நினைத்து நானும் கைகூப்பினேன்.

"கண்ணி எண்ணுறேங்க. ஒண்ணு விட்டாலும் பூ கோணிக்கும்" என்று சிரித்தார். அதோடு எங்கள் மௌனம் போயிற்று.

"இந்த வெயில்ல சால்வை யாருக்குங்க?"

"எங்க அக்காவுக்கு. எனக்குக் கிட்னி குடுத்தவ. நான் நல்லா நடமாடுறேன், அவளுக்குத்தான் அன்னைக்கிலேருந்து உடம்பு தேறலை. ஒரு வருசமா நான் போய்ப் பார்க்கலைங்க. எந்த மூஞ்சியோட போவேன், சொல்லுங்க?"

மூன்றாம் நாள் சால்வை முடிந்தது. மடித்து என் கையில் வைத்தார்.

"நீங்க ஒரத்தநாடுதானே? அக்கா வீடும் அங்கதான். நீங்களே குடுத்துடுங்களேன்."

"ஐயையோ, அவங்க சால்வைக்கா காத்திருப்பாங்க? உங்களுக்காகத்தாங்க. நீங்களே போங்க" என்றேன். பெரிய நியாயம் பேசிவிட்ட நினைப்பு எனக்கு.

அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஒரத்தநாடு பஸ் வந்தது. நான் ஏறினேன். அவர் தன் ஊரான நீடாமங்கலம் போக, எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

நான் வாங்கி வந்திருந்தால் சால்வையாவது போய்ச் சேர்ந்திருக்கும். அக்காவின் விலாசத்தைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.